முதல் புத்தகம் மெதுவாக விற்கும்போது: எழுதுகிறவருக்கு ஓராண்டு வழிகாட்டி

என் முதல் சிறுகதைத் தொகுப்பு 2022 டிசம்பரில் அச்சாகி வந்தது. மொத்தம் 300 பிரதி. ஓராண்டு முடிந்தபோது விற்றிருந்தவை 61. அந்த எண்ணிக்கையைவிட, அதே ஓராண்டில் நான் ஒரு கதைகூட எழுதவில்லை என்பதுதான் இன்றும் வலிக்கிறது. எழுத உட்கார்ந்தாலே கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டிகள் நினைவுக்கு வந்துவிடும். பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவேன்.

பிறகு நிதானமாக யோசித்தபோது ஒன்று புரிந்தது. புத்தகம் விற்காததால் வந்த சோர்வு ஒரு பங்கு. எங்கே எத்தனை பிரதி இருக்கிறது, யார் எப்போது பணம் தருவார், எதற்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்று எதுவுமே தெரியாமல் காத்திருந்ததால் வந்த சோர்வு மூன்று பங்கு. இந்தக் கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில் கிடைக்கக் கிடைக்க, மனம் தானாக எழுத்துப் பக்கம் திரும்பியது. முதல் புத்தகத்தைப் போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில், கையிலிருந்து பணம் போட்டு, சிறு பதிப்பகம் ஒன்றின் பெயரில் வெளியிட்ட புத்தகத்தை வைத்து எழுதியது இது. செலவுத் தொகைகள் நான் கொடுத்தவை; உங்கள் ஊரில் சற்று ஏறும், இறங்கும்.

1. முழுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்

இதை ஒத்திப்போடாதீர்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

என் புத்தகம் டெமி அளவில் (கதைப் புத்தகங்களுக்கு வழக்கமான அளவு) 144 பக்கம். பக்கவடிவமைப்பு பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் 4,320. மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, 2,500. அட்டை வடிவமைப்பு 3,000. அச்சும் பைண்டிங்கும் பிரதிக்கு 68 ரூபாய் வீதம் 20,400. ஆகமொத்தம் 30,220 ரூபாய். ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறக்குறைய 101 ரூபாய்.

புத்தகத்தின் விலை 180. கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கான கழிவு 35 சதவீதம் போனால் கைக்கு வருவது 117. அதாவது 300 பிரதியும் கடை வழியாக விற்றுத் தீர்ந்திருந்தால்கூட எனக்கு மிஞ்சியிருக்கக்கூடிய தொகை 4,880 ரூபாய்தான். வெளியீட்டு விழாவுக்கு மண்டப வாடகை, பொன்னாடை, தேநீர், பேச்சாளருக்கு வண்டிச்செலவு என்று 9,500 ரூபாய் செலவழித்திருந்தேன். எல்லாம் விற்றிருந்தாலும் கையைக் கடித்திருக்கும்.

இந்தக் கணக்கை எழுதி முடித்த இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. ஓராண்டாக நான் எதை இழந்துவிட்டதாக நினைத்து ஏங்கினேனோ, அந்தப் பெரிய தொகை எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. உங்கள் புத்தகத்துக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்த புத்தகத்துக்கு வீட்டுச் செலவைப் பாதிக்காமல் எவ்வளவு போட முடியும்? அந்தத் தொகையை வீட்டில் உள்ளவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் போட்ட பணம், எழுதும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2. பதிப்பாளரிடம் கணக்கை எழுத்தில் கேளுங்கள்

என் 300 பிரதியில் 200 வீட்டுக்கு வந்தது. 100 பதிப்பகத்தில் இருந்தது. ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. நான்கு முறை போன் செய்தேன். “புத்தகக் காட்சி முடியட்டும் சார், பார்த்துச் சொல்றோம்” என்பதே பதில். ஒவ்வொரு போனுக்குப் பிறகும் இரண்டு நாள் மனசு சரியிருக்காது.

ஐந்தாம் முறை போன் செய்யாமல் மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கே கேள்விகள்: பெற்ற பிரதி எத்தனை, விற்றது எத்தனை, மாதிரிப் பிரதியாகவோ சேதமாகவோ போனது எத்தனை, இன்று கையிருப்பு எத்தனை? “வரும் 15ஆம் தேதிக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்” என்று தேதியும் போட்டேன். பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. விற்றது 27, மாதிரியும் சேதமும் 8, கையிருப்பு 65.

வீட்டிலிருந்து விற்ற 34 பிரதியும் தெரிந்தவர்கள் வாங்கியவை. இந்த 27 அப்படி இல்லை. என் பெயரைக் கேள்விப்படாத 27 பேர் எங்கோ ஒரு மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டி, காசு கொடுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். இந்தச் செய்தி ஓராண்டுக்கு முன்பே கிடைத்திருந்தால் நான் அந்த ஆண்டை வீணாக்கியிருக்க மாட்டேன்.

ஒப்பந்தம் இல்லாதவர்கள் இப்போதாவது ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுத்தில் இல்லாமல் உரிமை கைமாறாது. எந்த நூல், என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்தப் பகுதிக்கு, ராயல்டி (விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கு) எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், பகுதி எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அச்சுரிமையும் மின்னூல் உரிமையும் தனித்தனி வரியாக இருக்கட்டும். “எல்லா வடிவங்களிலும், எக்காலத்துக்கும்” என்ற சொற்களைப் பார்த்தால் கையெழுத்துப் போடும் முன் நின்று யோசியுங்கள்.

பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறவர்கள் உண்டு. பதிவு கட்டாயம் இல்லை. எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது. பதிவு செய்ய விரும்பினால் இலக்கிய நூலுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்.

3. விற்பனை பார்க்க ஆண்டில் நான்கு நாள் மட்டும்

பிப்ரவரி கடைசி வாரம், ஜூன் முதல் வாரம், செப்டம்பர் முதல் வாரம், டிசம்பர் முதல் வாரம்; ஒவ்வொன்றிலும் ஒரு நாள். பொங்கலையொட்டி நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியின் கணக்கு பிப்ரவரியில்தான் ஒரு வடிவத்துக்கு வரும். ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் நடப்பது. அதன் கணக்குக்குச் செப்டம்பர். மற்ற நாட்களில் பதிப்பாளரிடம் கேட்பதில்லை, இணையக் கடையில் தரவரிசையைத் தேடுவதில்லை.

விற்பனைக் குறிப்பேட்டை எழுதும் மேசையில் வைக்காதீர்கள். என்னுடையது ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீது இருக்கும் பைக்குள் இருக்கிறது.

4. ஐஎஸ்பிஎன்னும் சட்டப்படி அனுப்ப வேண்டிய நான்கு பிரதியும்

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் உலகளாவிய எண். இந்தியாவில் அது இலவசம். டெல்லியில் உள்ள ராஜாராம் மோகன்ராய் தேசிய முகமை இணையவழியாகத் தருகிறது. நூலாசிரியர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, முகவரிச் சான்று, தலைப்புப் பக்கம், அட்டைப் படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என் இரண்டாம் புத்தகத்துக்கு மூன்று வாரம் ஆனது. பதிவேற்றிய படம் மங்கலாக இருந்ததால் ஒருமுறை திரும்பி வந்ததும் அதில் அடக்கம். அச்சுக்குப் போகும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவில் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். உங்கள் பதிப்பாளர் அனுப்பினாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் உறையில் முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பவையுங்கள். நானூறு ஐந்நூறு ரூபாய் செலவில், உங்கள் புத்தகம் உங்களுக்குப் பின்னும் தேடுகிறவர் கைக்குக் கிடைக்கும்படி ஓர் இடத்தில் சேர்ந்துவிடுகிறது. விற்பனை மந்தமான மாதங்களில் எனக்கு இது பெரிய ஆறுதல்.

5. உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு இரண்டு பிரதி

எங்கள் கிளை நூலகத்துக்கு இரண்டு பிரதி நன்கொடையாகக் கொடுத்தேன். நூலகர் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, கடைசிப் பக்கத்தில் தேதிச்சீட்டு ஒட்டினார். எட்டு மாதம் கழித்து வேறு புத்தகம் எடுக்கப் போனபோது என் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். சீட்டில் ஊதா மையில் ஏழு தேதி முத்திரை. 63ஆம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே மெல்லிய பென்சில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் “ஆமாம்” என்று ஒரு சொல்.

அந்தக் கதையில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து அன்றிரவே புதிய கதை ஒன்றைத் தொடங்கினேன். விற்பனைக் கணக்கில் அந்த ஏழு பேரும் வரமாட்டார்கள். ஆனால் படித்திருக்கிறார்கள். நீங்களும் இரண்டு பிரதி கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சீட்டைப் பாருங்கள்.

6. கடையில் வைக்கும்போது சீட்டு வாங்குங்கள்

கடைகள் பொதுவாக 35 முதல் 40 சதவீதம் கழிவு கேட்கும், விற்றபின்தான் பணம். ஒரு கடைக்கு 5 பிரதிக்கு மேல் வைக்காதீர்கள். டெலிவரி சலான், அதாவது புத்தகத்தை ஒப்படைத்ததற்கான சீட்டு, இரண்டு நகல் எழுதுங்கள்: நூலின் பெயர், பிரதி எண்ணிக்கை, விலை, கழிவு, திரும்ப வந்து பார்க்கும் தேதி. ஒரு நகலில் கடைக்காரர் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் சாதாரண ரசீது போதும்.

நான் ஒரு கடையில் நம்பிக்கையின் பேரில் 10 பிரதி வைத்தேன், சீட்டு இல்லாமல். ஆறு மாதத்தில் கடை இடம் மாறியது. புதிய பொறுப்பாளருக்கு என்னைத் தெரியவில்லை. அந்தப் பத்தும் போனது போனதுதான். இதில் பணம் போனதைவிட, யாரிடமும் நிரூபிக்க முடியாமல் படியிறங்கி வந்ததுதான் எழுதும் ஆசையைக் கெடுத்தது.

மூன்று மாதம் கழித்துப் போய் விற்றதற்குப் பணம் வாங்குங்கள். ஒன்றும் விற்கவில்லையென்றால் வருத்தப்படாமல் எடுத்து வந்து வேறு ஊர்க் கடையில் வையுங்கள். எங்கள் ஊரில் அசையாத ஐந்து பிரதி, கல்லூரி ஒன்றின் எதிரே இருந்த சின்னக் கடையில் இரண்டு மாதத்தில் போனது.

7. நூலக ஆணை: விண்ணப்பியுங்கள், அந்தப் பணத்தை எண்ணிக் கடன் வாங்காதீர்கள்

தமிழ்நாட்டில் சிறு பதிப்பகங்களுக்கு மூச்சு கொடுப்பது அரசின் பொது நூலக இயக்ககம் தன் நூலகங்களுக்காக வாங்கும் நூல்கள்தான். அப்படி வாங்க அது தரும் உத்தரவுதான் நூலக ஆணை. அறிவிப்பு வரும்போது எந்தக் காலத்தில் வெளியான நூல்களை ஏற்பார்கள் என்ற வரம்பு அதில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். உங்கள் நூலின் பதிப்பு விவரப் பக்கத்தில் ஆண்டு, பதிப்பு எண், பக்க எண்ணிக்கை, தாள் வகை, ஐஎஸ்பிஎன் எல்லாம் பிழையின்றி இருக்க வேண்டும். அச்சிட்ட விலை அப்படியே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். தேர்வாகி, ஆணை வந்து, பிரதிகளை அனுப்பி, பணம் கைக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். விண்ணப்பத்தின் நகலைப் பத்திரப்படுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

8. மின்னூல்: யூனிகோடு கோப்பைக் கையில் வாங்கி வையுங்கள்

எழுதியவரே நேரடியாக நூல் வெளியிட அமேசான் நடத்தும் கேடிபி தளத்தில் தமிழ் மின்னூல் வெளியிடக் கட்டணம் இல்லை. பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் தேவை. வரி தொடர்பான படிவத்தையும் தளத்திலேயே நிரப்ப வேண்டும். அதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மாதத்தில் விற்றதற்கான பணம், அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாளில் வரும்.

இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது எழுத்துரு. நம் பக்கவடிவமைப்பாளர்கள் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். அந்தக் கோப்பு மின்னூலுக்கு உதவாது. எந்தக் கருவியிலும் தமிழ் சரியாகத் தெரியவைக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, திருத்திய பிழைகளெல்லாம் புதிதாக முளைக்கும். எனக்கு மறுபடி மெய்ப்புப் பார்க்க 18 நாள் போனது. வடிவமைப்பாளருக்குக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன், இறுதித் திருத்தங்கள் சேர்ந்த யூனிகோடு கோப்பு, பிடிஎஃப், அட்டையின் பெரிய அளவுப் படம் மூன்றையும் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, கேடிபி செலக்ட் என்ற விருப்பத் திட்டம். அதில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைத்தளத்தில்கூட. ஏற்கெனவே இணையத்தில் முழுதாக வெளியான கதைகள் தொகுப்பில் இருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிட்டுச் சேருங்கள், அல்லது சேராமலே இருங்கள்.

9. மதிப்புரைக்கு 15 பிரதி, அதற்கு மேல் வேண்டாம்

அனுப்பும் முன் இதழுக்கோ நண்பருக்கோ எழுதிக் கேளுங்கள். கேட்காமல் அனுப்பியது பெரும்பாலும் பிரிக்கப்படாமலே கிடக்கும். கூடவே அரைப்பக்கக் கடிதம் வையுங்கள். மூன்று மாதம் பொறுத்து ஒருமுறை விசாரியுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள்.

தபால் செலவுக்கு ஒரு வழி: அஞ்சல் துறை 2025 மே மாதம் புத்தகங்களுக்காக ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். எல்லா வகை வெளியீடுகளும் இதில் சேராது என்பதால் உங்கள் புத்தகத்தை எடுத்துப்போய்க் காட்டிக் கேட்டுவிட்டுக் கட்டுப் போடுங்கள். தரைவழி அஞ்சல்தான், மெதுவாகப் போகும்.

நுழைவுக் கட்டணம் கட்டினால் விருது, பத்துப் பிரதி வாங்கினால் தொகைநூலில் இடம் என்று வரும் அழைப்புகளுக்குப் பதில் எழுத வேண்டாம். மனம் சோர்ந்திருக்கும் நாளில்தான் அவை நல்ல வாய்ப்பாகத் தெரியும். நான் ஒன்றுக்கு 1,500 ரூபாய் கட்டினேன். சான்றிதழில் என் பெயரே பிழையாக இருந்தது.

10. அடுத்த கைப்பிரதிக்குத் தேதி குறியுங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்குப் பதினைந்து இருபது நாள் வேலைதான். மீதி நாள் எழுத்துக்கு.

நான் காலை 5.15 முதல் 6.15 வரை உட்காருகிறேன். ஒரு நாட்காட்டியில், எழுதிய நாளுக்கு எத்தனை வரி என்று மட்டும் குறிக்கிறேன். முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிதான் வந்தது. ஓராண்டு பூட்டிக்கிடந்த கதவு அது, மெதுவாகத்தான் திறக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் பயப்படாதீர்கள். தினமும் அதே நேரத்துக்குப் போய் உட்காருங்கள். வெளியான புத்தகத்தை அந்த நாட்களில் எடுத்துப் படிக்காதீர்கள். பிழைகள் மட்டுமே கண்ணில் படும்.

கதை முடிந்தால் ஒரே ஒருவருக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாராட்டுகிறவரைவிட, “இந்த இடத்துல எனக்குப் புரியல” என்று சொல்லக்கூடியவர் நல்லது. பிறகு இதழுக்கு அனுப்பி, தேதியைக் குறியுங்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் அடுத்த இதழ். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

பன்னிரண்டு கதை சேர்ந்ததும் அச்சு. இம்முறை 50 பிரதி. டிஜிட்டல் அச்சில் பிரதிக்கு 110 ரூபாய் ஆனது. முன்பு கொடுத்த 68ஐவிட அதிகம்தான். ஆனால் அச்சுச் செலவு மொத்தம் 5,500 ரூபாயில் முடிந்தது, கட்டிலுக்கு அடியில் எதுவும் சேரவில்லை. அது தீர்ந்தபிறகு இன்னொரு 50 போட்டேன். பிரதி குறைவாகப் போட்டால் விலை கூடும், கழிவு கொடுத்துக் கடையில் வைப்பது கட்டாது. ஆகவே இதை நேரடி விற்பனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

11. பத்துப் பிரதியை எடுத்து வையுங்கள்

மீதமிருக்கும் பிரதிகளைத் தரையில் வைக்காதீர்கள். மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை அலையலையாக வளைந்துவிடும். சுவரோரம் கறையான் ஏறும். மழைக்கு முன் ஒருமுறையும் தை பிறந்ததும் ஒருமுறையும் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

அதில் பத்துப் பிரதியைத் தனியாகப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, தேதி எழுதி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர், தம் முதல் நாவலின் பிரதி ஒன்றுகூட இல்லாமல், எழுபத்தைந்து வயதில் நூலகத்தில் இரவல் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. அந்தப் பத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.